சோலார் அமைப்பில் எஸ்.எஸ். போல்ட்டில் துரு: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) போல்ட் போட்டும் துரு தெரிகிறது என்றவுடன் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது மாட்டக் கிளம்ப வேண்டாம். துரு எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது, என்ன நிறம், நிறுவி எவ்வளவு காலத்தில் வந்தது என்ற மூன்றும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அது தெரியாமல் மாற்றினால் புதிய போல்ட்டுக்கும் அதே கதிதான். துடைத்தால் போகிற கறைக்குப் போல்ட்டை மாற்றுவது வீண்செலவு. தலை முறிந்து விழவிருக்கும் போல்ட்டைத் துடைத்துவிட்டு இறங்கிவருவது ஆபத்து.

இந்த உலோகத்தைக் காப்பது அதிலுள்ள குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் தானாக உருவாகும். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து மறுபடி மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் எட்டாத இடுக்கு, குளோரைடு உப்பு, வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் படலம் அந்த இடத்தில் தோற்றுப்போகும். சோலார் அமைப்புக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பேனலே கூரையாகி, தனக்கடியில் உள்ள போல்ட்டுகளை மழையிலிருந்து மறைத்துவிடுகிறது. காற்றில் வரும் உப்பும் தூசியும் அங்கே படியும். கழுவ மழை வராது. அதனால்தான் பேனலுக்கு மேலே தெரியும் கிளாம்ப் (பேனலைப் பிடிக்கும் கவ்வி) போல்ட் பளபளவென்று இருக்க, அடியில் ரெயிலை, அதாவது பேனல் அமரும் நீண்ட அலுமினியச் சட்டத்தை, தாங்கும் போல்ட் பழுப்பேறி நிற்கிறது. சோதனை என்றால் அடியில் குனிந்து பார்ப்பதுதான் சோதனை.

கை வைப்பதற்கு முன்

இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை (பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள். வெயில் இருக்கும்வரை பேனல் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தொடராக இணைத்த பேனல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அது 1000 வோல்ட், பெரிய நிலையங்களில் 1500 வோல்ட் வரை போகும். ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்தால் நெருப்புப்பொறி வரும். எர்த்திங் கெட்டிருக்கக்கூடிய இடத்தில் வேலை செய்யப்போகிறீர்கள், ஆகவே பிரேமைத் தொடுவதற்கு முன் மீட்டரால் அதில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று பலமாக வீசும் நாளில் எந்தக் கிளாம்பையும் தளர்த்தக் கூடாது.

அடுத்து ஈரத்துணி. நல்ல தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் துருவை அழுத்தித் துடையுங்கள். முழுதும் துணிக்கு வந்து, கீழே உலோகம் வழவழப்பாக இருந்தால் வெளி இரும்பு, அல்லது மேலோட்டமான கறை. நிறம் போனபின் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிந்தால் போல்ட்டே அரிக்கப்படுகிறது. துணிக்கு எதுவும் வராமல் செதில் செதிலாக உரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே இல்லை.

அறிகுறி: நிறுவிய சில நாள், சில வாரத்திலேயே சிவப்புப் புள்ளிகள், அங்கொன்று இங்கொன்றாக

இவ்வளவு சீக்கிரம் வந்தால் பழி போல்ட் மீது இல்லை, வேலை நடந்த விதத்தின் மீது. பக்கத்தில் இரும்புக் கோணத்தையோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயையோ கிரைண்டரால் வெட்டியிருப்பார்கள். பறந்த பொறி ஒவ்வொன்றும் உருகிய இரும்புத் துளி. அது எஸ்.எஸ். மேல் விழுந்து ஒட்டிக்கொண்டு, முதல் பனியிலேயே துருப்பிடிக்கும். கூரைத் தகட்டில் துளையிட்டபோது விழுந்த சுருள் தூள்களும் அப்படித்தான். பல நேரம் "திருகு துருப்பிடித்துவிட்டது" என்று வரும் புகாரில் திருகு சுத்தமாக இருக்கும், அதன் காலடியில் கிடக்கும் தூள்தான் சிவந்திருக்கும்.

மூன்றாவது வழி கருவி. சாதாரண எஃகு ஸ்பானர், தேய்ந்த ஆலன் பிட், இரும்புக் கம்பி பிரஷ் எல்லாமே தொட்ட இடத்தில் இரும்பை விட்டுச்செல்லும். ஆலன் குழிக்குள் மட்டும், அதுவும் பிட் அழுந்திய ஆறு மூலைகளில் மட்டும் சிவப்பு தெரிந்தால் காரணம் பிட்தான், மேலே தேட வேண்டாம்.

சரிசெய்யும் முறை:

1. தூளைத் துடைப்பத்தாலும் மென்மையான பிரஷ்ஷாலும் கூட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் அடித்துத் தள்ளினால் இடுக்குகளுக்குள் போய் உட்காரும்.
2. 100 கிராம் சிட்ரிக் அமிலத் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். எடைக்கணக்கில் இது சுமார் 9 சதவீதம், ஏ.எஸ்.டி.எம். ஏ967 தரம் சொல்லும் 4 முதல் 10 சதவீத வரம்புக்குள் வரும்.
3. கழற்றிய போல்ட் என்றால் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்பு நீரால் நீக்கிவிட்டுப் பிளாஸ்டிக் வாளியில் ஊறவையுங்கள். கரைசல் 21 முதல் 49 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் குறைந்தது 20 நிமிடம்.
4. கழற்றாமல் செய்வதானால் துணித்துண்டைக் கரைசலில் நனைத்துப் போல்ட் தலைமேல் மட்டும் சுற்றி, அதே 20 நிமிடமும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உப்பில்லாத தண்ணீரால் நன்றாக அலசித் துடைத்து உலரவிடுங்கள்.

நான்காவது படியில் "தலைமேல் மட்டும்" என்பது ஒப்புக்குச் சொன்னதல்ல. சிட்ரிக் அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும். ஜி.ஐ. தாங்கிமேல் வழியவிட்டால் போல்ட் சுத்தமாகும், தாங்கியின் கால்வனைசிங் போய்விடும். நைட்ரிக், ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்த பிக்கிளிங் பேஸ்ட்டைக் கூரைக்கு எடுத்துச்செல்லவே கூடாது. பட்டறையில் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் பொருள் அது. பேனல் கண்ணாடி, அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு காப்புப் படலம் ஏற்றிய) அலுமினியம் இரண்டும் கெடும், கையாள்பவருக்கு அதைவிட மோசம்.

இனி வராமல் இருக்க: வெட்டும் இடத்தைப் பேனல் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். அன்றன்று விழுந்த தூளை அன்றன்றே கூட்டுங்கள். எஸ்.எஸ். வேலைக்கென்று தனியாக ஸ்டெயின்லெஸ் பிட்டும் சாக்கெட்டும் வைத்துக்கொண்டு அவற்றை இரும்புக்குப் பயன்படுத்தாதீர்கள். போல்ட்டை வெறும் இரும்புப் பெட்டியில் கொட்டி வைப்பதும் இதே வியாதிக்கு வழி.

அறிகுறி: சில மாதங்களில் தேநீர் நிறத்தில் மெல்லிய கறை, மழை படாத அடிப்பக்கத்தில் அதிகம்

கடலோரத்தில் மிகவும் சகஜம். அலை உடையும் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டருக்குள் அதிகம் காணப்படும். காற்றின் திசையும் வேகமும் சேர்ந்தால் இன்னும் உள்ளேயும் வரும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். பின்னதுக்கு 33 சதவீதமே போதும். கண்ணுக்குக் காய்ந்து தெரியும் போல்ட் உண்மையில் நாள் முழுக்க உப்புக் கரைசலில் நனைந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கறை பார்க்க அசிங்கம். வலிமையை உடனே குறைப்பதில்லை. நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, போகாததை ஆக்சாலிக் அமிலம் கலந்த எஸ்.எஸ். கிளீனரால் நைலான் பஞ்சில் தேய்த்து எடுங்கள். கையுறை கட்டாயம், ஆக்சாலிக் அமிலம் விஷம். எஃகுப் பஞ்சு கூடவே கூடாது. இன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அடுத்த வாரம் முந்தைய அறிகுறி வந்துநிற்கும்.

கறை திரும்பத் திரும்ப வந்தால் தரம் போதவில்லை என்று பொருள். ஏ2, அதாவது 304 வகையில் மாலிப்டினம் இல்லை. ஏ4, அதாவது 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. குழி அரிப்பைத் தாங்கும் திறனைக் குரோமியம், அதனுடன் 3.3 மடங்கு மாலிப்டினம், 16 மடங்கு நைட்ரஜன் என்று கூட்டிக் கணக்கிடுவார்கள். 304க்கு 18 முதல் 20, 316க்கு 24 முதல் 26, இன்னும் உயர்ந்த டியூப்ளெக்ஸ் 2205 வகைக்கு 35 அளவில் வரும். கரையோரத்தில் ஏ2 வாங்குவது சிக்கனமே இல்லை என்பது எங்கள் கருத்து. அதே சமயம் ஏ4 போட்டுவிட்டால் கழுவவே வேண்டாம் என்றும் இல்லை. மழை படாத இடத்தில் 316உம் கறைபடும். மெதுவாகப் படும், அவ்வளவுதான். சொரசொரப்பான மேற்பரப்பு உப்பைப் பிடித்துவைக்கும் என்பதால் வழவழப்பாக முடித்த போல்ட் நல்லது. சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குள் இருந்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

பேனல் கழுவும்போது குழாயை ஒருமுறை அடிப்பக்கமும் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. கனெக்டர், ஜங்ஷன் பாக்ஸ் மேல் அழுத்தமாகப் பீய்ச்சாமல், மெல்லிய ஓட்டமாக விடுங்கள்.

அறிகுறி: போல்ட்டும் நட்டும் சுத்தம், ஸ்பிரிங் வாஷர் மட்டும் துரு

"எஸ்.எஸ். செட்" என்று ஒரே பையில் வரும் பொருளில் வாஷரின் தரம் பெரும்பாலும் யாரும் கேட்காத விஷயம். சுருள் வெட்டு ஸ்பிரிங் வாஷர் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக 420 போன்ற கடினப்படுத்திய வகையிலோ, துத்தநாகம் பூசிய சாதாரண எஃகிலோ செய்யப்பட்டிருக்கும். ரெயில் பள்ளத்தில் சுழன்று பூட்டும் சேனல் நட்டின் பின்னாலுள்ள சின்ன ஸ்பிரிங்கும் இதே ரகம். சேனல் நட் ஸ்பிரிங், பொருத்தும்போது நட்டைப் பிடித்து நிறுத்த மட்டுமே. முறுக்கியபின் அதற்கு வேலையில்லை, துருப்பிடித்தாலும் விட்டுவிடலாம். ஸ்பிரிங் வாஷரை விடக் கூடாது. அது கரைந்தோ உடைந்தோ போனால் அதன் தடிமன் அளவுக்குப் போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். ஏ4 தட்டை வாஷரும் பற்கள் உள்ள பிளாஞ்ச் நட்டும் போட்டு ஸ்பிரிங் வாஷரையே தவிர்த்துவிடுவது நல்ல வழி, கிளாம்ப் தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால்.

அறிகுறி: ஒரே பையிலிருந்து வந்த எல்லாப் போல்ட்டிலும் ஒரே சீரான துரு

தவறான பொருள். எது என்று கண்டுபிடிக்கச் சில படிகள்.

முதலில் தலையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 3506 தரப்படி 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள அறுகோணத் தலைப் போல்ட்டில் ஏ2-70, ஏ4-80 போன்ற குறியும் தயாரிப்பாளர் அடையாளமும் இருக்க வேண்டும். 70 என்றால் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 80 என்றால் 800. குறியே இல்லாத போல்ட்டைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

அடுத்து காந்தம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 304 தகடு காந்தத்தில் ஒட்டாது என்பது சரி. ஆனால் போல்ட் தலையைக் குளிர்நிலையில் அடித்து, மரையை உருட்டி உருவாக்கும்போது அந்த இடங்களில் லேசான காந்த ஈர்ப்பு வந்துவிடும். லேசாக இழுக்கிறதே என்று நல்ல 304 போல்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். இரும்பைப்போலவே 'டக்' என்று பிடித்தால் 410, 430 வகையாகவோ துத்தநாகம் பூசிய சாதாரண எஃகாகவோ இருக்கும். 201 வகையைக் காந்தத்தால் பிரித்தறியவே முடியாது. அது நிக்கலைக் குறைத்து (3.5 முதல் 5.5 சதவீதம்) அந்த இடத்தில் மாங்கனீசை (5.5 முதல் 7.5 சதவீதம்) ஏற்றிய மலிவு வகை. பார்வைக்கு 304 போலவே இருக்கும். வெளியில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும்.

மூன்றாவது, மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல். 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லி அடர் கந்தக அமிலத்தை மெதுவாக ஊற்றி (அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல), 4 கிராம் மயில்துத்தம் கரைத்தால் சோதனைக் கரைசல் தயார். எண்ணெய் நீக்கிய உதிரிப் போல்ட்டில் 6 நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். சாதாரண எஃகு என்றால் செம்பு நிறம் படியும். துத்தநாகப் பூச்சு என்றால் கறுக்கும். நல்ல 304, 316 இரண்டும் அப்படியே இருக்கும். அங்கங்கே மட்டும் செம்புப் புள்ளி வந்தால் போல்ட் நல்லது, மேலே இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறது. முதல் அறிகுறிக்குப் போங்கள். 410 போன்ற குறைந்த குரோமியம் வகைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சோதித்த போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

201ஐ மாங்கனீசுச் சொட்டுச் சோதனையும், 316 தானா என்பதை மாலிப்டினம் சொட்டுச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். வேலை பெரியது என்றால் கையடக்க எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தில் பைக்கு இரண்டு மூன்று போல்ட் கொடுத்துப் பார்ப்பது மேல். வாங்கும்போதே இ.என். 10204 வகை 3.1 சான்றிதழ் (தயாரிப்பாளரின் பொருள் சோதனை அறிக்கை) கேட்டு, அதில் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாமலும் மாங்கனீசு 2க்கு மேல் போகாமலும், ஏ4 என்றால் மாலிப்டினம் 2க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழிலுள்ள ஹீட் எண் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) பெட்டிமேல் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

இங்கே பழுதுபார்ப்பு எதுவும் கிடையாது. முழுத்தொகுதியையும் மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: வாஷருக்கு அடியிலிருந்தோ மரைக்குள்ளிருந்தோ துருநீர் வடிந்த கோடு

வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். வாஷருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள நூலிழை இடுக்கில் நீர் தங்கும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும்; வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படும்; நீரின் அமிலத்தன்மை ஏறும்; படலம் உடையும். தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. ஆகவே வெளியே துடைத்துவிட்டு வருவதில் பயனில்லை. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி வாஷர் அமர்ந்திருந்த வளையத்தைப் பாருங்கள். நிறமாற்றம் மட்டும் என்றால் சுத்தம் செய்து, தரம் ஏற்றிப் பொருத்தலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள்.

இடுக்கைக் குறைக்க: ஒன்றின்மேல் ஒன்றாக வாஷர் அடுக்காதீர்கள். கூரைத் தகட்டில் இ.பி.டி.எம். ரப்பர் வாஷரைப் பிதுங்கி வழியும்வரை இறுக்காமல், சமமாக அமர்ந்த நிலையில் நிறுத்துங்கள். பிதுங்கிய ரப்பர் வெயிலில் வெடித்து நீரை உள்ளே விடும். குழிவான தலையுள்ள ஆலன் போல்ட்டை நிமிர்த்திப் போட்டால் குழியில் நீரும் தூசியும் தேங்கும். அறுகோணத் தலை போட முடிகிற இடத்தில் அதையே போடுங்கள்.

அறிகுறி: துரு இல்லை, ஆனால் போல்ட்டைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளைப் பொடி

அரிக்கப்படுவது போல்ட் அல்ல, ரெயில். இரு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிட்டன. அலுமினியம் தன்னைக் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கிறது. பரப்பளவுதான் இங்கே தீர்ப்புச் சொல்வது. பெரிய அலுமினிய ரெயிலில் சிறிய எஸ்.எஸ். போல்ட் என்றால் அரிப்பு பரந்து மெதுவாக நடக்கும், பெரும்பாலான இடங்களில் பேனலின் ஆயுள்வரை தாங்கும். தலைகீழாக, பெரிய எஸ்.எஸ். தாங்கியில் சிறிய அலுமினிய ரிவெட்டோ துத்தநாகம் பூசிய போல்ட்டோ போட்டால் அந்தச் சின்னப் பொருள் வெகுசீக்கிரம் போய்விடும்.

பொடியை நைலான் பிரஷ்ஷால் நீக்கிக் கழுவி, குழியின் ஆழத்தைப் பாருங்கள். ரெயில் பள்ளத்தின் உதடு மெலிந்திருந்தால் கிளாம்பை 10 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்திப் புது இடத்தில் பொருத்தலாம், பேனல் தயாரிப்பாளர் அனுமதிக்கும் கிளாம்ப் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. நைலான் வாஷர் போட்டுப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வார்கள். பொறுங்கள்: பல அமைப்புகளில் அந்தக் கிளாம்ப் வழியாகத்தான் பேனல் பிரேமுக்கு எர்த்திங் போகிறது. மின்காப்பு வாஷர் போட்டால் அரிப்பும் நிற்கும், எர்த்திங்கும் நிற்கும்.

எர்த்திங் முனையில் வெள்ளையும் பச்சையும் கலந்த பொடி தெரிந்தால், வெறும் செம்பு லக் (எர்த்திங் கம்பியின் முனைப்பிடி) நேரே அலுமினியத்தில் அமர்ந்திருக்கிறது. டின் பூசிய லக் அல்லது இரு உலோக வாஷராக மாற்றுங்கள். செம்பைத் தொட்டு வழியும் நீர் கீழேயுள்ள அலுமினியத்தையும் ஜி.ஐ.யையும் தொடாமலே அரிக்கும் என்பதால், செம்புக் கம்பி எப்போதும் கீழே போகட்டும். மாற்றியபின் பிரேமுக்கும் ரெயிலுக்கும் இடையே மின்தடை 0.1 ஓமுக்கு மேல் போகக் கூடாது. சாதாரண மல்ட்டிமீட்டரில் இவ்வளவு சிறிய அளவு நம்பிக்கைக்குரியதல்ல; குறைந்த மின்தடை அளக்கும் கருவி வேண்டும். அனோடைஸ் படலத்தைக் குத்தித் தொடும் பல் வாஷரை ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

அறிகுறி: ஒரு வரிசை மட்டும் சில நாளில் கறுத்து, குழி விழுந்தது

யாரோ அமிலமோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றியிருக்கிறார்கள். தரை ஓட்டில் சிமென்ட் கறை போக ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூரைப் பாசிக்கு ஹைப்போகுளோரைட்: இரண்டும் இந்த உலோகத்தின் ஜென்மப் பகை. ஆவி பட்டாலே போதும். அமிலக் கேனைத் திறந்தபடி பேனலுக்கடியில் வைத்துவிட்டுப் போனதால் கெட்ட போல்ட்டுகள் உண்டு. தெரிந்த உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அமிலம் என்று உறுதியானால் சமையல் சோடாக் கரைசல் தெளித்து மறுபடி அலசுங்கள். நாள் கடந்திருந்தால் குழி விழுந்தவற்றை மாற்ற வேண்டும்.

இதன் மெதுவான வடிவம், உப்பு நீரால் பேனல் கழுவுவது. நீரில் ஊறியே கிடக்கும் நிலைக்கு 304க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு, 316க்கு 1000 மில்லிகிராம் என்பது பொதுவான வழிகாட்டு அளவு. கூரையில் கணக்கு வேறு. ஒவ்வொரு முறையும் நீர் காய்ந்து உப்பு மட்டும் தங்குவதால், குறைந்த உப்புள்ள நீரும் நாளடைவில் அந்த அளவைத் தாண்டும். கீழ் ஓரக் கிளாம்புகளில் மட்டும், நீர் சொட்டி நிற்கும் மூலையில் வெள்ளைப் படிவமும் அதன் நடுவே பழுப்பும் தெரிந்தால் இதுதான். கடைசி அலசலுக்காவது மழைநீரோ சுத்திகரித்த நீரோ பயன்படுத்துங்கள்.

அறிகுறி: நட் பாதியில் சிக்கி அசையவில்லை

துரு என்று நினைத்து எண்ணெய் விட்டுக் காத்திருப்பது வீண். எஸ்.எஸ். மரையில் எஸ்.எஸ். நட்டை வேகமாக ஓட்டினால், உரசலில் ஆக்சைடு படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். இம்பாக்ட் டிரைவர்தான் முதல் குற்றவாளி. மரையில் மண், பர் (உலோகப் பிசிறு) இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒட்டியதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் பொறி பேனல்மேல் படாதபடி ஈரக் கோணியால் மூடுங்கள்.

புதிதில் மரைக்கு நிக்கல் அல்லது மாலிப்டினம் டைசல்பைடு கலந்த, மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் துளி தடவுங்கள். கிராஃபைட் கலந்தது வேண்டாம், ஈரம் வந்தால் அது அரிப்பைத் தூண்டும். அலுமினியத்தின் பக்கத்தில் செம்பு கலந்ததும் வேண்டாம். முதல் மூன்று சுற்று கையால்தான். பேஸ்ட் போட்ட மரை வழுக்கும் என்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கு விசையையே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கையேட்டில் மசகிட்ட மரைக்கான எண்ணைத் தேடுங்கள். எம்8 கிளாம்ப் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள்.

அறிகுறி: அதிகத் துரு இல்லாமலே தலை முறிந்து கிடக்கிறது

இதைத்தான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மற்றவை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகின்றன, இது தெரிவதில்லை. தானே துளையிடும் திருகு என்றால் 410 வகையா என்று பாருங்கள். கடினப்படுத்திய 410, அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது அதன் மேல் ஹைட்ரஜன் உருவாகி உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கச் செய்யும். முறுக்கிய பல நாள் கழித்து, யாரும் தொடாமலே தலை பறக்கும். ஒன்று முறிந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று எண்ணி எல்லாவற்றையும் மாற்றுங்கள். உடல் 304 அல்லது 316, முனை மட்டும் சாதாரண எஃகு என்ற இரு உலோகத் திருகு சரியான மாற்று. துளைத்து வெளியே நீட்டியிருக்கும் அதன் முனை பின்னர் துருப்பிடிக்கும். பிடிப்பில் அதற்குப் பங்கில்லாததால் கவலை வேண்டாம்.

முறிந்தது ஏ2, ஏ4 போல்ட் என்றால் குளோரைடும் இழுவிசையும் வெப்பமும் சேர்ந்து உண்டாக்கும் விரிசலாக இருக்கலாம். பொதுவாக 50, 60 டிகிரிக்கு மேல்தான் இது தலைகாட்டும், திறந்தவெளியில் அபூர்வம். மூடிய நீச்சல்குளக் கூரை போன்ற இடங்களில் நடந்திருக்கிறது. பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றிச் சாய ஊடுருவல் சோதனை (நிறச் சாயம் தடவி விரிசலைக் காட்டும் முறை) செய்தால் மரக்கிளைபோலப் பிரியும் மயிரிழை விரிசல் தெரியும். அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்களா என்று பார்த்து, டியூப்ளெக்ஸ் வகைக்கு மாறுங்கள்.

மாற்றும்போது

ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும். நடுக் கிளாம்பைத் தளர்த்தினால் இரண்டு பேனல் ஒருசேரப் பிடி இழக்கும்; பக்கத்தில் உதவியாள் பிடித்திருக்க வேண்டும், அல்லது தற்காலிகக் கிளாம்ப் போட்டிருக்க வேண்டும். பள்ளத்திலுள்ள மண்ணையும் வெள்ளைப் பொடியையும் நீக்கி, உலரவிட்டு, புதிய போல்ட், புதிய நட், புதிய வாஷர் மூன்றையும் சேர்த்தே போடுங்கள். நைலான் வளைய நட்டைக் கழற்றிவிட்டால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. டார்க் ரெஞ்சால் முதலில் பாதி விசை, எல்லாம் அமர்ந்தபின் முழு விசை. நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது தெரிய வேண்டும். கடைசியில் தலையிலிருந்து கிளாம்ப் வரை பெயின்ட் பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த சோதனையில் கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

கடலோரத்தில் அந்தச் சோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை, உள்நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை. எல்லாப் போல்ட்டையும் பார்க்க நேரமில்லை என்றால் காற்று வரும் திசையிலுள்ள முதல் வரிசை, கீழ் ஓரம், எர்த்திங் முனைகள் ஆகிய மூன்றை மட்டுமாவது அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள்.